மணலில் குளிர்ந்த சொதி

சொக்கம்மாள் என்கிற பேரை நான் முதல்முதலாகக் கேட்டது எங்கள் சிவகிரி வீட்டு அடுக்களையில் வைத்து. நாறும்பூ மாமா, அதாவது எங்கள் அம்மாவோடு கூடப்பிறந்த மூத்தவர், மேலகரம் போய் எங்கள் அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார். அம்மா சோறு போட்டுக்கொண்டே விசாரித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று காதை நீட்டிக்கொண்டிருந்தேன்.

"பேரு சொக்கம்மாள். நிறம் உண்டு, குணம் உண்டு, சாதகமும் பொருந்துது. ஒரே ஒரு குறைதான்" என்று சொல்லி மாமா நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்குக் கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. மாறுகண்ணோ, காலைத் தாங்கித் தாங்கி நடப்பாளோ என்று அவள் மனசு எங்கெல்லாமோ போயிருக்கும். மாமா நிதானமாக ஒரு மடக்குத் தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்.

"சூடா எதையும் திங்க மாட்டாளாம்."

அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டியில் இருந்த குழம்பு மாமா மடியில் விழுந்தது. மாமா சிரிக்கவில்லை. அவருக்கு அது நிஜமாகவே பெரிய குறை. இலையில் எது விழுந்தாலும் அவருக்கு ஆவி பறக்க வேண்டும். சோற்றில் ஆவி, குழம்பில் ஆவி, ரசத்தில் மூஞ்சியே மறைகிற மாதிரி ஆவி. ஆறின சாப்பாடு போடுவது, வந்தவனை வேண்டாதவன் என்று வாய் திறக்காமல் சொல்லுவது என்பது அவர் கட்சி. காப்பியை எல்லாரும் ஆற்றிக் குடிக்கிறபோது அவர் மட்டும் கொதிக்கக் கொதிக்க வாங்கி ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, மற்றவர்களை ஒரு பார்வை பார்ப்பார். ஏதோ ஜல்லிக்கட்டு மாட்டை அடக்கின மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

அவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாண வீடுகளில் இலையை விட்டு எழுந்திருப்பதில் அவர் பேர் வாங்கினவர். புளியங்குடியில் ஒரு வீட்டில் அப்பளம் நொறுங்கியிருந்தது என்று எழுந்தார். சங்கரன்கோவிலில் பாயசம் வந்த பிறகு வடை வந்தது என்று எழுந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டு ஆள் அத்தனை பேரும் எழ வேண்டும், பாத்துக்கிடுங்க. வாயில் வைத்த கவளத்தை முழுங்கக்கூட நேரம் கிடையாது. அப்புறம் பெண்ணை அழைத்துக்கொண்டு போகிற பேச்சே நின்றுவிடும். அவர் போய் இவரைப் பார்த்து, இவர் போய் அவரைப் பார்த்து, சமாதானம் ஆக மாதக்கணக்காகும். எங்கள் உலகம்மாள் சித்தி கதை அப்படித்தான் ஆனது. தை மாசம் தாலி ஏறிற்று, வைகாசி வரைக்கும் பிறந்த வீட்டிலேயே கிடந்தாள், ஆனியில் ஒருவழியாகச் சமாதானம் ஆகிப் புருஷன் வீட்டுக்கு வந்தாள். வந்து பெட்டியைத் திறக்குமுன்னே ஆடி பிறந்துவிட்டது. புதுப் பெண்ணாச்சே, ஆடிக்குப் பிறந்த வீடு போகத்தானே வேண்டும். மறுபடியும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட மாமா சூடு தின்னாத பெண்ணைப் பேசி முடித்ததற்குக் காரணம் உறவுதான். சொக்கம்மாளின் அப்பா செல்லப்பா மாமா இருக்கிறாரே, அவருடைய அப்பாவும் எங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள். நடுவில் ஏதோ ஒரு வாய்த்தகராறில் ரெண்டு தலைமுறை போக்குவரத்து இல்லாமல் போய்விட்டது. விட்டுப்போன உறவைச் சேர்த்து வைத்தவன் என்கிற பேர் தனக்கு வரும் என்று மாமா கணக்குப் போட்டார்.

சொக்கம்மாளின் வாய்க்கு உண்மையிலேயே சூடு ஆகாது. பிறந்ததில் இருந்தே அப்படியாம். வெதுவெதுப்பாகக் கொடுத்தாலும் கண்ணில் தண்ணி வந்துவிடும். அவர்கள் வீடு தென்காசியை ஒட்டின மேலகரத்தில், பின்வாசலைத் திறந்தால் சித்தாறு. கோடையில் ஆறு வெறும் மணல்தான், ஆனால் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று கசியும், குற்றாலத்து மலையில் இருந்து மண்ணுக்கடியிலேயே வந்த தண்ணி, பல் கூசும். விவரம் தெரிந்த நாளில் இருந்து அவள் தன் சாப்பாட்டை அந்த மணலுக்குள் கொண்டுபோய் வைப்பாள். வெறுமனே ஆறப்போடுவதோடு நிற்கவில்லை. குளிர்ந்தால் எது நன்றாக இருக்கும், எது வாயில் வைக்க விளங்காது என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். பிஞ்சு வெள்ளரிக்காயைத் துருவி, கடைந்த மோரில் போட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் நசுக்கி, கறிவேப்பிலையைக் கசக்கி விட்டு மண்சட்டியில் மூடி மணலில் புதைத்தால் அது ஒரு சாறு. மாங்காயை வேகவைத்து மசித்து, கருப்பட்டியும் சுக்கும் மிளகும் சேர்த்துத் தண்ணியாகக் கரைத்து வைத்தால் அது ஒரு சாறு. பாசிப்பருப்புத் தண்ணியில் தேங்காய்ப்பாலை விட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தால் இன்னொன்று. சூடாக இருக்கும்போது சரியாக இருக்கிற உப்பு, குளிர்ந்தால் நாக்குக்குத் தெரியாது, அதனால் ஒரு சிட்டிகை கூடப் போட வேண்டும் என்பாள். தெருவில் அவளுக்கு ஆறப்போட்ட சொக்கு என்று பேர். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள் என்பதால் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் சப்பென்று போகும்.

கல்யாணம் நடந்தது அறுபதாம் வருஷம் என்று நினைக்கிறேன். கத்திரி வெயிலில். இந்த வெயிலில் வேண்டாம், ஆனி பிறக்கட்டும், சாரல் விழும் என்று எல்லாரும் சொன்னார்கள். சாரலில் பந்தல் நனையும் என்று மாமா ஒரே பிடியாக நின்று வைகாசி முதல் வாரத்தில் நாள் வைத்தார். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. எங்கள் அண்ணன் பால்வண்ணநாதன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், கூச்ச சுபாவம். மணையில் உட்கார்ந்திருந்த நேரம் பூராவும் அவன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரை ஒருத்தர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதை நான் பக்கத்தில் நின்று கண்டேன். இது பின்னால் ஆகவேண்டிய கதைக்கு முக்கியம்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதி விருந்து. எங்கள் திருநெல்வேலிச் சைவ வீடுகளில் இது இல்லாமல் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கில்லை. தேங்காயைத் துருவிப் பிழிந்து, ரெண்டாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் வேகவிட்டு, பாசிப்பருப்பைக் கரைத்து, கடைசியில் முதல் பாலை விட்டு இறக்குவது சொதி. தொட்டுக்க இஞ்சிப் பச்சடி. அதைச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டாரோடு அனுப்புவார்கள். சொக்கம்மாளுக்கும் பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தது.

இவ்வளவு தூரம் வந்தாச்சு, மலையைக் குடைந்து போகிற குகை ரயிலில் ஏறி ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளப்பினது மாமாதான். அதிகாலை ரயிலில் போனால் உச்சி வெயிலுக்குள் திரும்பிவிடலாம், நாங்கள் வந்து கால் கழுவவும் இலை விழ வேண்டும், சொதியில் ஆவி பறக்க வேண்டும் என்று செல்லப்பா மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டு எங்களை ரயிலேற்றினார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டார். நானும் போனேன். நான் அப்போதுதான் முதல்முதலாகக் குகையைப் பார்க்கிறேன். குகைக்குள் ரயில் நுழையும்போது சன்னலைச் சாத்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கத் தலையை வெளியே நீட்டினார்கள். வெளியே வந்தபோது ஒருத்தருக்கொருத்தர் அடையாளம் தெரியவில்லை. கரி அப்பிக் கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. எங்கள் அம்மா தன் சொந்தத் தங்கச்சியைப் பார்த்து, நீங்க எந்த ஊரு என்று கேட்டாள்.

அதற்கு முன்னால், செங்கோட்டை ஸ்டேஷனில் ஒன்று நடந்தது. அங்கே ரயிலுக்குப் பின்னால் இன்னொரு இஞ்சின் சேர்ப்பார்கள், கொஞ்சம் நேரம் நிற்கும். மாமா இறங்கிக் காப்பி வாங்கினார். ஆவி போதாது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, மறுபடி கொதிக்கவைத்து வாங்கினார். வாங்கவும் ரயில் ஊதவும் சரியாக இருந்தது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், காசு கொடுத்த காப்பியைக் கீழே கொட்டவும் மனசில்லை. மடக்கென்று வாயில் கவிழ்த்துவிட்டு ஓடிவந்து ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் அவர் மூஞ்சியைப் பார்த்தேன். கண் ரெண்டும் பிதுங்கி, மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வாய் திறந்தாயோ தொலைந்தாய் என்று கண்ணாலேயே சொன்னார். அதற்கப்புறம் வழி பூராவும் மாமா பேசவில்லை. எதைக் கேட்டாலும் "ம்". கோவிலில் கொடுத்த பாயசத்தைக்கூடப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். நாக்கு பொத்துப்போய்விட்டது என்று சொன்னால் இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் என்னாவது. மாமா எதுக்கோ கோபமாக இருக்கிறார் என்று எல்லாரும் பயந்துகிடந்தார்கள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும், சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலித்தது.

இங்கே மேலகரத்தில் நடந்ததைச் சொக்கம்மாள் மதினி சொல்லி, அவள் அம்மா நாச்சியார் அத்தை சொல்லி, சமையலுக்கு வந்திருந்த தவசுப்பிள்ளை சங்கரபாண்டி சொல்லி, தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். மூன்றும் ஒன்றுபோல இருக்காது. நான் மதினி கட்சி.

மாமா சொன்ன நேரத்துக்குச் சொதி சரியாக இறங்கிவிட்டது. அப்போது ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்தான். மலைப்பாதையில் கூட்ஸ் வண்டி ஒன்று தடம் புரண்டு நிற்கிறது, ஆரியங்காவு போன வண்டி எப்போது திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றான். சங்கரபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தேங்காய்ப்பால் அந்த வெயிலுக்குச் சாயங்காலம் வரை தாங்காது, நுரைத்துப் புளித்துவிடும். திரும்பச் சூடு பண்ணலாமே என்றால், முதல் பால் விட்ட சொதி கொதி கண்டால் திரிந்துபோய், தண்ணி வேறு கட்டி வேறாக நிற்கும். புதுசாக வைக்கலாமே என்றால், அத்தனை தேங்காய்க்கு எங்கே போவது. நாச்சியார் அத்தை அப்போதே மகளின் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாளாம். எப்படியும் அந்த மனுசன் எழுந்திருக்கத்தான் போகிறார், வாசலில் இருந்தால் வெயிலில் காயுமே என்று.

சொக்கம்மாளின் அண்ணன் சிவசுப்பிரமணியனுக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. தென்காசி ஸ்டேஷனில் விடியற்காலைக் கொல்லத்து வண்டியில் ஐஸ் வந்து இறங்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு பறந்து போய், மரத்தூளும் சாக்கும் சுற்றின பெரிய ஐஸ் பாளம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். தொட்டித் தண்ணியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் ஒரு அண்டா சொதியை இறக்கினார்கள். ஐஸ் கரையக் கரைய ஒரு வாடை கிளம்பிற்று. முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. சைவக்காரர்களுக்கு எப்படிப் பிடிபடும். சாக்கடையோ என்றார்கள், எலி செத்துக்கிடக்கிறதோ என்று பரண் எல்லாம் தேடினார்கள். கடைசியில் வண்டிக்காரன்தான் மூக்கை உறிஞ்சி, "நல்ல சாளை மீனு வாசமால்லா இருக்கு" என்று ஆசையோடு சொன்னான். கொல்லத்தில் இருந்து வருகிற ஐஸ் எதற்கு வருகிறது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. சங்கரபாண்டி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் புழக்கடைச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அந்த அண்டா வண்டிக்காரர்கள் பங்குக்குப் போயிற்று. அன்றைக்குச் சொதியைச் சொதியாக ரசித்துச் சாப்பிட்ட முதல் ஆட்கள் அவர்கள்தான்.

மீதிச் சொதி இருக்கிறதே. சொக்கம்மாள் கூறைப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தாள். மறுவீட்டு அன்றைக்குக் கல்யாணப் பெண் அடுப்பங்கரைக்கு வரக் கூடாது என்று அத்தை தடுத்தாள். "இலையில இருந்து அவரு எந்திரிச்சா நான் இங்கனயேதானம்மா கெடக்கணும், அப்ப அடுப்பங்கரைக்கு வரலாமா?" என்று கேட்டாளாம். அத்தை வழியை விட்டாள். கல்யாணத்துக்கு வந்திருந்த புதுப் பானைகளில் சொதியை மாற்றி, வாயைத் துணியால் கட்டி, பின்வாசல் வழியாக ஆற்றுக்குள் இறக்கினாள். மருதமர நிழலில் குழி தோண்டி, ஊற்றுத் தண்ணி கசியக் கசியப் பானைகளைக் கழுத்துவரை புதைத்து, மேலே ஈரவேட்டியைச் சுற்றி, அது காயக் காயத் தண்ணி தெளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலையில் சூடின பூ, கழுத்தில் நகை, கையில் நாயை விரட்ட ஒரு குச்சி.

வெயில் சாயத் தொடங்கின பிறகுதான் எங்கள் ரயில் வந்து சேர்ந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் இறக்கினார்கள், கைகால் கழுவிக்கொண்டு போகலாம் என்று.  அண்ணன்தான் முதலில் மணலில் இறங்கி நடந்தான். மூஞ்சி நிறையக் கரி, சட்டையெல்லாம் கரி. அங்கே சொக்கம்மாள் ஒரு பானையைக் குழியில் இருந்து தூக்க முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கரி பிடித்த ஒரு ஆள் வருகிறதைப் பார்த்தாள். ரயில்வேயில் கரி தள்ளுகிற ஆள் குளிக்க வருகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"ஏ அண்ணாச்சி, அங்கன நின்னு என்ன பாக்கிய? இங்கன வந்து ஒரு கை பிடிங்க. பானை நழுவுச்சுன்னா எம் பொழப்பே நழுவிரும்."

முந்தின நாள் தாலி கட்டின புருஷன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். வந்து பானையின் மறுபக்கத்தைப் பிடித்தான். ரெண்டு பேருமாகத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். அப்புறம் இன்னொரு பானை. அவள் பாட்டுக்கு, பையப் பைய, அந்தப் பக்கம் சாய்க்காதீங்க அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு வாய் ஊத்துதேன் என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். பின்னால் வந்த நான்தான் தாங்க மாட்டாமல், "மதினி, அது எங்க அண்ணன்" என்றேன். உனக்கு அண்ணன் என்றால் எனக்கென்ன என்பதுபோல முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். கரிக்குள்ளே பல் தெரிந்தது. அவன் சிரித்து நான் பார்த்தது அந்தக் கல்யாணத்தில் அதுதான் முதல் தடவை. மதினி பானைக்கு மூடியிருந்த ஈரவேட்டியை உருவித் தன் தலையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். தண்ணி சொட்டச் சொட்ட ஓடின அந்தப் பெண்ணை மாமாவும் கரையில் நின்று பார்த்தார். "ம்" என்றார்.

இலை போட்டார்கள். மாமா நடு இலையில். செல்லப்பா மாமாவுக்கு நெற்றியில் வேர்த்து விபூதி கரைந்து ஓடிற்று. கதவிடுக்கில் நாச்சியார் அத்தையும் மதினியும் நிற்கிறார்கள், உள்ளே கட்டிலின் மேல் பெட்டி. மாமா இலையைச் சுற்றிப் பார்த்தார். இலை நுனி இடப்பக்கம் சரியாக இருந்தது. அப்பளம் முழுசாக இருந்தது. உப்பு விழுந்த இடத்தில் விழுந்திருந்தது. எழுந்திருக்க ஒரு சாக்குத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பொத்துப்போன நாக்கோடு கொதிக்கிற சொதியை எப்படிச் சாப்பிடுவார். சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் மானம் தப்பும். அப்போது சங்கரபாண்டி வந்து சொதியை ஊற்றினார்.

ஆவி இல்லை.

மாமா விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பந்தியில் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தி, எழுந்திருக்கத் தோதாக ஒரு காலை ஊன்றி வைத்துக்கொண்டார்கள். மாமா நிலைமையைப் பாருங்கள். ஆறின சொதி என்றால் அவர் கொள்கைப்படி எழுந்தாக வேண்டும். ஆனால் காலையில் இருந்து தீயாக எரிகிற நாக்கு, அந்தக் குளிர்ச்சி விரலில் பட்டதுமே எழாதே என்கிறது. காலையில் இருந்து முதல்முறையாக வாயைத் திறந்து பேசினார். நாக்குத் தடித்திருந்ததால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"தம்பி செல்லப்பா, சொதி ஏன் பச்சத்தண்ணியா கெடக்கு?"

செல்லப்பா மாமா வாயைத் திறக்குமுன்னே கதவைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தாள். முறைப்படி எங்கள் மாமா அவளுக்குப் பெரியப்பா. புடவையில் இன்னும் மணல்.

"நான்தான் பெரியப்பா குளிர வச்சேன். திரிஞ்சதுல மாவக் கரச்சு விட்டு ஆவி பறக்க ஊத்தியிருக்கலாம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மனசு கேக்கல. மத்தியானத்துல இருந்து மண்ணுக்குள்ள வச்சுக் காவ காத்திருக்கேன். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா எந்திரிங்க, நானே கைக்குத் தண்ணி ஊத்துதேன்."

சொல்லிவிட்டு, இலையில் வேண்டாம் என்று ஒரு டம்ளரில் ஊற்றி, அங்கேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நசுக்கின இஞ்சிச் சாற்றைச் சொட்டு விட்டு நீட்டினாள். மாமா வாங்கினார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். மூடின கண் திறக்கவே இல்லை. டம்ளர் மட்டும் மேலே மேலே சாய்ந்துகொண்டு போயிற்று. மாமாவின் மூஞ்சியில், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டால் ஒரு தெளிவு வருமே, அது வந்தது.

"ஊத்து" என்றார்.

ஊற்றினாள். அதுவும் போயிற்று. "பிள்ள, ஊத்து" என்றார். ஊன்றி வைத்த கால்களை எல்லாரும் மறுபடி மடக்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பந்தியில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. சோற்றைச் சீந்துவாரில்லை. ரயில் கரியும் கத்திரி வெயிலும் சேர்ந்து வறுத்தெடுத்த ஆட்கள், டம்ளரை நீட்டு, சொம்பை நீட்டு என்று ஆளுக்கு ஆள் நீட்டுகிறார்கள். எங்கள் சித்தப்பா ஒருத்தர் டம்ளர் கிடைக்காமல் கூஜா மூடியை நீட்டினார். முருங்கைக்காய் சப்பின சக்கை இலையோரம் குவிந்தது. நாச்சியார் அத்தை சத்தமில்லாமல் உள்ளே போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி வாசலில் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன், புரையேறிவிட்டது.

கை கழுவும்போது மாமாவுக்குப் பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. கத்திரி வெயிலில் சொதியை இப்படித்தான் சாப்பிட வேண்டும், எங்கள் தாத்தா காலத்தில் குளிரவைக்காத சொதியைத் தொட மாட்டார்கள், பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று சம்பந்திகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தாத்தா அவளுக்கும் தாத்தாதானே.

அன்றைக்குச் சாயங்காலமே மதினி எங்களோடு வந்துவிட்டாள். பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அண்ணன் அவள் பக்கம் குனிந்து, ஒரு வாய் ஊத்துதேன்னு சொன்னியே, எனக்கு ஊத்தவே இல்லையே என்று கேட்டது பின் சீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.

சிவகிரியில் ஆறு இல்லை. அடுத்த கோடைக்கு அண்ணன் ஒரு வண்டி ஆற்றுமணல் அடித்துக்கொண்டுவந்து புழக்கடையில் வேப்பமர நிழலில் கொட்டி, செங்கல் வைத்துக் கட்டிக்கொடுத்தான். தினம் காலையில் அதில் தண்ணி விட்டு நனைப்பது அவன் வேலை. மதினி அதற்குள் சட்டி சட்டியாக வைப்பாள். எங்கள் அம்மா ஒரு மாசம், இதென்ன வீட்டுக்குள்ள சுடுகாடு என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில் அவளே மணலைக் கிளறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கடையநல்லூரில் இருந்து கைத்தறிச் சேலை கொண்டுவருகிற ஷரீபுன்னிசா அக்கா வெயிலில் வந்து உட்கார்ந்தால் முதலில் வெள்ளரிச் சாறுதான். அதில் ரெண்டு புதினா இலையைக் கிள்ளிப் போடு தாயி என்று சொன்னது அவள். போட்ட பிறகு அது வேறு சாறாகிவிட்டது. மதுரைக்குப் போய்வந்த யாரோ, பெரிய ஓட்டலில் இதைத்தான் சூப்பு என்கிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் தெருவில் சூப்பு என்றால் ஆட்டுக்கால்தான், அதனால் மதினி அந்தப் பேரை வீட்டுப் பக்கமே விடவில்லை. சாறு சாறுதான்.

கோடை பிறந்தால் நாறும்பூ மாமா எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார். வாசலில் நின்றே, "பிள்ள, மண்ணுக்குள்ள என்ன வச்சிருக்க?" என்பார். கடைசிவரைக்கும் காப்பியை மட்டும் கொதிக்கக் கொதிக்கத்தான் வாங்கினார். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்பார். செங்கோட்டை விஷயத்தை அவர் இருக்கும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதினியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த வெள்ளரிக்காய் எல்லாம் முற்றம் பூராவும் உருண்டது.

அண்ணன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் காலமானான். அவனைக் கடைசிவரை மதினி வீட்டுக்குள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டாள், அவனும் என்ன என்று திரும்பிப் பார்ப்பான். பிள்ளைகள் மெட்ராசிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், வா வா என்கிறார்கள். மதினி போகவில்லை. சொக்கம்மாள் இப்போது சிவகிரியில், அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கின அதே வீட்டில் இருக்கிறாள்.